மே மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும் புள்ளிகள்: இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.ஈ. எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

இங்கிலாந்தில், பதினாறு வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சையான ஜி.சி.எஸ்.ஈ.க்கு ஆயத்தமாகும் பதினோராம் ஆண்டுப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் மார்ச் மாதம் பிறந்ததும் ஒரு மாற்றம் தெரியும். தொலைக்காட்சியின் சத்தம் குறையும், ரியூசன் வாரத்துக்கு இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாகும், கலியாண வீடுகளுக்குத் தகப்பன் மட்டும் தனியே போய் வருவார். மே மாதம் தொடங்கும் பரீட்சைக்காக வீடு முழுவதும் ஆயத்தமாவது நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை டிசைன் அண்ட் ரெக்னோலொஜி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) படிப்பவராக இருந்தால், அப்பாடத்தின் மொத்தப் புள்ளிகளில் சரிபாதியை ஈட்டவேண்டிய வேலை அந்நேரத்தில் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். சித்திரம் படிப்பவரென்றால் கோடையில் எழுதுவதற்கு அவருக்கு எழுத்துப் பரீட்சையே இராது. இதை நான் என் மூத்த மகனின் விடயத்தில் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். எந்தப் புள்ளி எப்போது, எங்கே, யார் முன்னிலையில் ஈட்டப்படுகிறது என்பதைப் பத்தாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கு சொல்வன இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் பரீட்சை முறையே வேறு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஜி.சி.எஸ்.ஈ. என்ற பெயர் இருந்தாலும் அங்கே தரங்கள் இன்னும் ஆங்கில எழுத்துகளில்தான் வழங்கப்படுகின்றன.

தரமும் எல்லைப் புள்ளியும்

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய நமக்கு 75 எடுத்தால் ஏ, 50 எடுத்தால் சி, 35 எடுத்தால் எஸ் என்ற கணக்கு மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. இங்கே அப்படி நிலையான எல்லை எதுவும் இல்லை. 9 முதல் 1 வரை தரங்கள் உண்டு, 9 மிக உயர்ந்தது, 4 சாதாரண சித்தி, 5 உறுதியான சித்தி என்று கொள்ளப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு தரத்துக்கும் எத்தனை புள்ளி வேண்டும் என்பதை, அவ்வருட விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்னர், வினாத்தாளின் கடினத்தையும் கருத்திற்கொண்டு பரீட்சைச் சபைகள் தீர்மானிக்கின்றன. அவற்றை ஒஃப்குவால் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு மேற்பார்வை செய்கிறது. ஆகவே பிள்ளை, பாடசாலை முன்னோட்டமாக நடத்தும் மொக் பரீட்சையில் 62 எடுத்தேன் என்று வந்து சொன்னால், கோபிப்பதற்கு முன் அந்த வினாத்தாள் எந்த ஆண்டுக்குரியது, அந்த ஆண்டின் எல்லைப் புள்ளிகள் எவை என்று கேளுங்கள். கணிதத்தில் திறமான பிள்ளைகளுக்கான உயர்நிலை வினாத்தாள்களில் பாதிப் புள்ளிக்குச் சற்று மேலே இருந்தாலே நல்ல தரம் கிடைத்துவிடுவது வழக்கம்.

விஞ்ஞானத்தைத் தனித்தனிப் பாடங்களாக எடுக்காமல் கூட்டு விஞ்ஞானமாக எடுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு தரங்கள் சேர்ந்தே வரும். 6-5 என்று பெறுபேற்றில் இருந்தால் அது இரண்டு பாடங்களுக்குரிய மதிப்பு.

பாடசாலையிடம் முதலில் வாங்கவேண்டியது

பத்தாம் ஆண்டின் முதல் தவணையிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு விபரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பரீட்சைச் சபை, எந்தப் பாடக் குறியீட்டு எண். ஏ.கியூ.ஏ, பியர்சன் எடெக்செல், ஓ.சி.ஆர், எடுகாஸ் ஆகியன முக்கிய சபைகள். ஒரே பாடசாலையில் கணிதம் ஒரு சபையிலும் வரலாறு இன்னொரு சபையிலும் இருப்பது சாதாரணம். ஏ.கியூ.ஏ. கணிதத்தின் எண் 8300, ஆங்கில மொழியின் எண் 8700. இந்த எண்ணைக் கொண்டு சபையின் இணையத்தளத்தில் தேடினால் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் திருத்துநர்களுக்கான புள்ளித் திட்டமும் இலவசமாகக் கிடைக்கும். ரியூசனில் வேறொரு சபையின் வினாத்தாள்களை மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கணிதத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆங்கில இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அது வீண்வேலை.

பாடத்திட்டத்தை இறக்கியதும் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் மதிப்பீட்டைப் பற்றிய ஒரு பக்கம் இருக்கும். எத்தனை வினாத்தாள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், மொத்தத்தில் எத்தனை வீதம், பரீட்சை சாரா மதிப்பீடு, அதாவது பாடசாலையில் செய்து புள்ளி பெறும் வேலை, உண்டா என்பன அங்கே உள்ளன. அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

பரீட்சை மட்டும் உள்ள பாடங்கள்

கணிதம், விஞ்ஞானம், ஆங்கில இலக்கியம், வரலாறு, புவியியல், சமயம் ஆகியவற்றின் தரம் முழுவதும் இறுதியில் எழுதும் வினாத்தாள்களிலேயே தங்கியுள்ளது. கணிதத்துக்கு ஏ.கியூ.ஏ, எடெக்செல் சபைகளில் ஒன்றரை மணிநேர வினாத்தாள்கள் மூன்று, அவற்றில் முதலாவதற்குக் கணிப்பான் கிடையாது. விஞ்ஞானத்தில் ஆய்வுகூடச் செய்முறைகளுக்குத் தனிப் புள்ளி இல்லை. ஆனால் வினாத்தாள்களில் குறைந்தது 15 வீதப் புள்ளிகள் அந்தச் செய்முறைகளைப் பற்றிய வினாக்களுக்கு உரியவை. புவியியலின் களப்பயணத்துக்கும் இதே கதைதான்: பிள்ளை எழுதும் களக்குறிப்புக்குப் புள்ளியில்லை, பரீட்சையில் அதைப் பற்றி வினா வரும். எனவே களப்பயண நாளன்று காய்ச்சலென்று வீட்டில் நின்ற பிள்ளை, நண்பரின் குறிப்பையாவது வாங்கி வைத்திருக்கவேண்டும்.

ஆங்கில மொழிப் பாடத்தில் பிள்ளை ஒரு தலைப்பைப் பற்றிப் பேசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். அது சான்றிதழில் தனியே குறிக்கப்படுமேயன்றி 9 முதல் 1 வரையான தரத்தில் சேராது. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் நிலைமை வேறு: பேச்சுப் பரீட்சை கால்வாசிப் புள்ளி, அதைப் பிள்ளையின் ஆசிரியரே நடத்தி ஒலிப்பதிவு செய்கிறார், எழுத்துப் பரீட்சைகள் தொடங்குவதற்கு முன்பே அது வந்துவிடுகிறது.

கணிதம், விஞ்ஞானம், பிறமொழிகள் ஆகியவற்றில் அடிப்படைநிலை, உயர்நிலை என இரண்டு வகை வினாத்தாள்கள் உள்ளன. அடிப்படைநிலையில் எவ்வளவு திறமாகச் செய்தாலும் 5க்கு மேல் கிடைக்காது. உயர்நிலையில் மிகக் குறைவாகச் செய்தால் தரமே இல்லாமல் போகக்கூடும். எந்த நிலையில் பிள்ளையைப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று மொக் பரீட்சை முடிந்தவுடன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுக்கும் பெற்றோர் நம்மிடையே அதிகம். 3க்கும் 4க்கும் இடையில் தத்தளிக்கும் பிள்ளைக்கு அடிப்படைநிலை வினாத்தாள் பெரும்பாலும் நன்மையே செய்கிறது.

மேற்பார்வையின் கீழ் செய்யும் வேலை

ஜி.சி.எஸ்.ஈ. 1988 இல் முதன்முதலாக நடத்தப்பட்டபோதும் அதற்குப் பின் நெடுங்காலமும், பல பாடங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்து கொண்டுவரும் கோர்ஸ்வேர்க் ஒரு பெரும் பகுதியாக இருந்தது. அதை யார் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தாயும் தகப்பனும் அண்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிள்ளை புள்ளி வாங்கியது என்ற குற்றச்சாட்டு வலுத்ததால், 2009 முதல் அது வகுப்பறைக்குள் கட்டுப்பாட்டுடன் செய்யும் மதிப்பீடாக மாற்றப்பட்டது. 2015 இல் தொடங்கிய புதிய பாடத்திட்டங்கள் அதையும் குறைத்து, எழுத்துப் பரீட்சையால் அளக்க முடியாத திறன்களுக்கு மட்டும் விட்டுவைத்தன. இன்று அதற்குப் பரீட்சை சாரா மதிப்பீடு என்று பெயர், பிள்ளைகள் என்.ஈ.ஏ. என்பார்கள், சில ஆசிரியர்கள் பழைய பழக்கத்தில் இன்னும் கோர்ஸ்வேர்க் என்றே சொல்வார்கள்.

டிசைன் அண்ட் ரெக்னோலொஜியில் இது 50 வீதம். பத்தாம் ஆண்டு முடியும் தறுவாயில், ஜூன் 1 அன்று, பரீட்சைச் சபை சில சூழல்களைத் தலைப்பாக வெளியிடும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, யாருக்காக எதைச் செய்வது என்று ஆராய்ந்து, வரைந்து, மாதிரி செய்து பார்த்து, இறுதிப் பொருளைச் செய்து முடிக்கவேண்டும். ஏ.கியூ.ஏ. இதற்கு 30 முதல் 35 மணிநேரம் என்று கணக்கிடுகிறது. என் மூத்த மகன் மர மேசைவிளக்கு ஒன்றைத் தெரிவு செய்திருந்தான். பதினோராம் ஆண்டு நவம்பரில் நெருங்கிய உறவில் ஒரு கலியாணம் வர, பரீட்சைதான் மே மாதம் அல்லவா என்று அவனை இரண்டு கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோது வகுப்பு மரத்தை வெட்டி முடித்துப் பொருத்தத் தொடங்கியிருந்தது. வீட்டில் வைத்துச் செய்து முடிக்கட்டும் என்று கேட்டேன். முடியாது என்றார் ஆசிரியர்; அவர் கண்முன் செய்யப்படாத வேலைக்கு, இது இந்த மாணவனின் வேலை என்று அவரால் கையெழுத்திட முடியாதல்லவா. மதிய இடைவேளைகளில் நின்று விளக்கைச் செய்தான். மினுக்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பெறுபேறு வந்தபோது எழுத்துப் பரீட்சைப் புள்ளி நன்றாக இருந்தது, விளக்கின் புள்ளி அதைக் கீழே இழுத்திருந்தது. பிழை முழுவதும் என்னுடையது.

உணவுத் தயாரிப்பும் போசாக்கும் என்ற பாடத்தில் வேலை இரண்டு கட்டமாக வரும். பதினோராம் ஆண்டு செப்டெம்பர் 1 அன்று வெளியாகும் ஆய்வுப் பணிக்கு 15 வீதம். நவம்பர் 1 அன்று வெளியாகும் சமையல் பணிக்கு 35 வீதம். இரண்டாவதன் உச்சம், ஒரே தொடர்ச்சியாக மூன்று மணிநேரத்துக்குள் மூன்று உணவுகளைச் செய்து பரிமாறும் செய்முறை. இளைய மகளுக்கு ஒரு நாட்டின் சமையல் மரபைப் பற்றிய பணி கிடைத்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி என்று முதலில் எழுதினாள். ருசி இருக்கும், திறன் போதாது என்று ஆசிரியை குறிப்பிட்டார். இந்தப் பாடத்தில் புள்ளி ருசிக்கு மட்டுமல்ல. கத்தி பிடிப்பது, மா பதப்படுத்துவது, கெட்டியாக்குவது, வடிவம் கொடுப்பது போன்ற நுட்பங்களுக்கும் உண்டு. யோசித்துவிட்டுப் பட்டியலை மாற்றினாள்: முழுக் கானாங்கெளுத்தியை வாங்கி முள்ளகற்றி ஒரு குழம்பு, ரோல்ஸ், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் இனிப்பான வட்டிலப்பம். ரோல்ஸ் ஒன்றிலேயே மாவைக் கரைத்து மெல்லிய அப்பமாகச் சுடுவது, உள்ளீட்டை இறுகச் செய்வது, சுருட்டுவது, முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டுவது, பொரிப்பது என்று ஐந்து வேலை இருக்கிறது. வீட்டில் மணிக்கூடு வைத்து முதல்முறை செய்தபோது மூன்று மணி நாற்பது நிமிடம் பிடித்தது. வட்டிலப்பத்தை முதலில் அவிய வைத்துவிட்டு மீனைத் தொட்டால் நேரம் மிஞ்சும் என்பதை இரண்டாம் முறை அவளே கண்டுபிடித்தாள். நான் செய்தது சாமான் வாங்கியதும் சட்டி கழுவியதும் மட்டுமே.

சித்திரம் முழுவதும் பரீட்சை சாரா மதிப்பீடுதான். இரண்டு வருட வேலைகளின் தொகுப்புக்கு 60 வீதம்; பதினோராம் ஆண்டு ஜனவரியில் சபை கொடுக்கும் தலைப்பில் செய்யும் வேலைக்கு 40 வீதம். அந்தத் தலைப்புக்குப் பல கிழமைகள் ஆயத்தம் செய்தபின், மேற்பார்வையின் கீழ் மொத்தம் பத்து மணிநேரம் பிள்ளை தனியே வேலை செய்யவேண்டும். பத்து மணிநேரம் தொடங்கிய கணத்தோடு ஆயத்தக் குறிப்பேட்டில் எதையும் கூட்டக்கூடாது.

இசையில் வாசிப்புக்கு 30, இசையமைப்புக்கு 30, கேட்டல் பரீட்சைக்கு 40. மிருதங்கமோ வயலினோ வாய்ப்பாட்டோ படிக்கும் நம் பிள்ளைகள் அதை இங்கே பயன்படுத்தலாமா என்று இசை ஆசிரியரிடம் கட்டாயம் கேளுங்கள். தனி வாசிப்போடு குழு வாசிப்பும் தேவை என்பதால் உடன் வாசிக்க ஆள் யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நாடகத்தில் 60 வீதம் எழுத்துப் பரீட்சைக்கு வெளியே. உடற்கல்வியில் மூன்று விளையாட்டுகளுக்கும் ஒரு பகுப்பாய்வுக்கும் சேர்த்து 40 வீதம். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள விளையாட்டாக இருந்தால் வெளியே கழகத்தில் ஆடுவதைக் காணொளியாகக் கொடுக்க வழி உண்டு.

வீட்டில் எதுவரை உதவலாம்

பிள்ளையை வரவு குறையாமல் அனுப்புவது, பொருள் வாங்கிக் கொடுப்பது, வீட்டில் பயிற்சி செய்ய இடம் விடுவது, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பது எல்லாம் சரியான உதவி. வசனம் திருத்துவது, எழுதிக் கொடுப்பது, ரியூசன் ஆசிரியரைக் கொண்டு பார்வையிடச் செய்வது எல்லாம் முறைகேடு. ஆசிரியர்கூடப் பொதுவாகத்தான் ஆலோசனை சொல்லலாம்; இந்த வரியை இப்படி மாற்று என்று சொன்னால் அந்த உதவியைப் பதிந்து, புள்ளியிடும்போது கணக்கில் எடுக்கவேண்டும். எனவே ஆசிரியர் உதவுகிறாரில்லை என்று பிள்ளை முறையிட்டால், அது பெரும்பாலும் விதிமுறையின் விளைவு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பெற்றதைச் சொந்த வேலையாகக் காட்டுவதும் முறைகேடே. பயன்படுத்தியிருந்தால் எந்தச் செயலி, எந்தத் திகதி, என்ன கேட்டு என்ன பெறப்பட்டது என்பதை வேலையோடு காட்டவேண்டும். அந்தப் பகுதிக்குப் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது. இறுதியில் இது முழுவதும் என் வேலை என்று பிள்ளை கையெழுத்திடுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் இடும் அந்தக் கையெழுத்தின் பாரத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொய்யென்று தெரியவந்தால் அப்பகுதிப் புள்ளி மட்டுமன்றி முழுப் பாடமும் இரத்தாகலாம்.

வேலையை ஆசிரியர் திருத்தியபின், பாடசாலையிலுள்ள மற்ற ஆசிரியர்கள் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பின்னர் ஒரு மாதிரித் தொகுதியைச் சபை பார்வையிட்டு, பாடசாலை தாராளமாகவோ இறுக்கமாகவோ புள்ளியிட்டிருந்தால் எல்லோருடைய புள்ளியையும் மாற்றும். புள்ளிகள் சபைக்கு அனுப்பப்படுமுன் பாடசாலை கொடுத்த புள்ளியைப் பிள்ளைக்கு அறிவிக்கவேண்டும், பிள்ளை மீள்பார்வை கேட்கலாம். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. நாட்கள் சிலவே இருக்கும் என்பதால் அறிவித்த அன்றே கேட்கவேண்டும். ஓகஸ்டில் பெறுபேறு வந்தபின் தனியொரு பிள்ளையின் இவ்வேலையை மட்டும் மீளத் திருத்தும்படி சபையைக் கேட்க வழியில்லை.

பரீட்சை மண்டபமும் அதற்குப் பின்னும்

மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி, கைக்கடிகாரம் இரண்டும் கூடாது. தொலைபேசி அணைக்கப்பட்டுச் சட்டைப்பையில் கிடந்தாலும் அது முறைகேடாகவே பதியப்படும். கறுப்பு மைப் பேனா, உள்ளே இருப்பது தெரியும் பை, லேபல் கழற்றிய தண்ணீர்ப் போத்தல் போதும்.

வாசிப்பதில் அல்லது எழுதும் வேகத்தில் சிரமமுள்ள பிள்ளைக்கு, தேவை நிறுவப்பட்டால் 25 வீதம் மேலதிக நேரம் கிடைக்கலாம். இதைப் பரீட்சை நெருங்கும்போது கேட்டுப் பயனில்லை. பத்தாம் ஆண்டிலேயே பாடசாலையின் சென்கோவிடம் (விசேட கல்வித் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்) பேசவேண்டும், ஏனெனில் வகுப்பில் அது வழக்கமான ஏற்பாடாக இருந்ததற்கு ஆதாரம் தேவை. பிள்ளைக்குக் குறையிருப்பதாகப் பதிவாகிவிடும் என்று அஞ்சிக் கேட்காமல் விடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேலதிக நேரம் எடுத்தது சான்றிதழில் குறிக்கப்படுவதில்லை.

பரீட்சையன்று நோயோ வீட்டில் மரணமோ நேர்ந்தால் அன்றே பாடசாலையின் பரீட்சைப் பொறுப்பாளருக்கு அறிவியுங்கள். விசேட கவனிப்பாகச் சிறிதளவு புள்ளி, அதிகபட்சம் 5 வீதம், கூட்டப்படலாம். ஒரு வினாத்தாளுக்கே போகமுடியாமல் போனாலும், அப்பாடத்தின் மொத்த மதிப்பீட்டில் குறைந்தது கால்வாசியை முடித்திருந்தால் தரம் கணித்துத் தர இடமுண்டு. முடித்த என்.ஈ.ஏ. வேலையும் அந்தக் கால்வாசியில் சேரும்.

ஜூன் கடைசியில் ஒரு மாற்று நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். நாடு முழுவதும் பரீட்சை குழம்பினால் அன்று நடத்துவதற்கானது அது. பிள்ளையின் கடைசி வினாத்தாள் முன்பே முடிந்தாலும் அந்த நாள் கழியும்வரை விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

பெறுபேறு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வரும். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 கிடைக்காத பிள்ளை அடுத்த கட்டப் படிப்போடு அந்தப் பாடத்தையும் தொடர்ந்து படிக்கவேண்டும்; ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் நவம்பரில் மீள எழுதலாம். எல்லையிலிருந்து ஓரிரு புள்ளியில் தவறியிருந்தால் விடைத்தாளை மீளப் பார்க்கக் கேட்கலாம், ஆனால் அது பாடசாலையின் ஊடாகவே போகவேண்டும். தரம் குறையவும் கூடுமென்பதால் பிள்ளையின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தரம் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அந்த வியாழக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவும் பல வருடங்களில் ஒரே நாட்களில் வருகின்றன. உயர்தர வகுப்புக்கான பதிவைப் பல பாடசாலைகள் பெறுபேற்று நாளன்றே அல்லது மறுநாளே நடத்துவதால், ஊருக்குப் போவதென்றால் ஜூலையில் போய் அதற்குள் திரும்பிவிடுவது நல்லது. அது முடியாவிட்டால் பாடசாலை மூடுமுன், பெறுபேற்றைப் பெற்றுக்கொள்ள இன்னாரை அனுமதிக்கிறேன் என்று பிள்ளை கையெழுத்திட்ட கடிதத்தைப் பரீட்சைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, பதிவுக்கு நேரில் வரவேண்டுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் ஆள் தன் அடையாள அட்டையை எடுத்துப்போகவேண்டும்.